காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள்: அப்பா அம்மாவை எந்த ஊருக்குக் கூட்டிப் போகலாம்?

தாமிரபரணி_ரெடிங் · மே 11, இரவு 9:42

வணக்கம் மக்களே. ஜூன் ரெண்டாவது வாரம் அம்பாசமுத்திரத்துல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை. லண்டனை ஒரு நாள்ல முடிச்சிடலாம். மீதி நாலு நாள் லீவு போட்டிருக்கேன். அப்பாவுக்கு இங்கிலாந்து கிராமம் பார்க்கணும், அதான் மேற்கே இருக்கிற காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதி. நிலஅளவைத் துறையில முப்பத்தாறு வருஷம் சங்கிலி இழுத்த மனுஷன். எந்த ஊருக்குப் போனாலும் எல்லைக்கல் எங்க, குளம் எங்க, கோயில் நிலம் எவ்வளவுன்னுதான் முதல்ல கேட்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளமா இருந்தா ஒரு மைல் நடப்பாங்க, அவ்வளவுதான்.

எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கேன்: பைபரி, போர்ட்டன், ரெண்டு ஸ்லாட்டர், பர்ஃபோர்ட், ஸ்டோ, பிராட்வே, சிப்பிங் கேம்ப்டன், ஸ்னோஸ்ஹில், காஸில் கூம், லேகாக். மொத்தம் பதினொண்ணு. கார் இருக்கு. சரியா வருமா? வராதுன்னா எதை வெட்டுறது?

ஈஸ்ட்ஹாம்_அக்கா · மே 11, இரவு 10:05

பதினொண்ணா! தம்பி, நவதிருப்பதி யாத்திரைகூட ஒன்பதோட முடிஞ்சிடும்.

நாங்க போன ஆகஸ்ட்ல நாற்பத்தொன்பது பேர் சேர்ந்து ஒரு கோச் பிடிச்சுப் போனோம். விடிகாலை அஞ்சரைக்குக் கிளம்பி ஒரே நாள்ல நாலு ஊர். பைபரியில இறக்கிவிட்டுட்டு டிரைவர் நாற்பது நிமிஷம்னு சொன்னார். அதுல இருபத்தஞ்சு நிமிஷம் பாத்ரூம் வரிசை. மீதியில பாலத்துல ஏறினா நிக்க இடமில்ல, எங்களுக்கு முன்னாடியே மூணு கோச் வந்து இறங்கியிருக்கு. அந்த ஊரைப் பத்தி எனக்கு இன்னிக்கு ஞாபகம் இருக்கிறது ஒரு வாத்து, முன்னால நின்ன பொண்ணோட சிவப்புத் தொப்பி. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்துத்தான் ஓ, இவ்வளவு அழகான ஊரான்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

பாதியா வெட்டு. புளிசாதம் மட்டும் மறக்காம கட்டிக்கோ.

கல்தச்சன் · மே 12, காலை 7:15

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலைகளுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எல்லோரும் தள்ளி நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் அப்பாவை ஏதாவது ஒரு சுவர் ஓரமாகக் கூட்டிப் போய்க் கல்லை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊலைட் என்கிற சுண்ணாம்புக் கல் அது. கசகசாவைக் கொட்டி ஒட்டவைத்தது போல உருண்டை உருண்டையாகத் தெரியும். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி முழுக்க வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். அதன் அடியில் சேர்ந்ததுதான் இது. இரும்பு கலந்திருக்கும் இடத்தில் தேன் நிறம், தெற்கே பாத் பக்கம் போகப்போக வெளிறிக்கொண்டே வரும். குவாரியிலிருந்து எடுக்கும்போது மெத்தென்று உளிக்கு இடம் கொடுக்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். சாதாரணக் குடிசைக்குக்கூடச் செதுக்கிய கல் ஜன்னல் வைக்க முடிந்தது அதனால்தான்.

கூரைக்குப் போட்டிருப்பதும் கல்தான். பாளம் பாளமாக எடுத்துக் குளிர்காலம் முழுக்க ஈரம் காயவிடாமல் வெட்டவெளியில் போட்டு வைப்பார்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்து விரியும்போது பாளம் தகடு தகடாகப் பிளந்துகொள்ளும். உளி வேலையைப் பனியே செய்துவிடும். பெரிய தகடுகளைக் கூரையின் கீழ் வரிசையில் வைத்து, உச்சிக்குப் போகப் போகச் சின்னதாக்குவார்கள். ஒரு கூரையைப் பார்த்தால் போதும், இந்தக் கணக்கை அப்பா பிடித்துவிடுவார்.

இவ்வளவுக்கும் காசு ஆட்டு முதுகிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. சிப்பிங் கேம்ப்டன் கோயிலில் 1401-இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற வியாபாரியின் பித்தளைப் பட்டயம் இருக்கிறது. இங்கிலாந்துக் கம்பளி வணிகர்களின் மலர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பைபரியில் எல்லோரும் படம் எடுக்கும் ஆர்லிங்டன் ரோ, 1380 வாக்கில் மடத்துக் கம்பளிக் கிடங்காகக் கட்டியது. பதினேழாம் நூற்றாண்டில் அதைத் தடுத்து நெசவாளர் வீடுகளாக்கினார்கள். எதிரே இருக்கும் ஈரப் புல்வெளிக்கு ராக் ஐல் என்று பெயர். துணியைக் காயப்போடுவதற்கு அங்கே வரிசையாகச் சட்டங்கள் நட்டிருந்தார்கள்.

பிறகு யார்க்ஷயரில் நிலக்கரியும் நீராவித் தறியும் வந்தன. இந்தப் பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை, ரயிலும் முக்கால்வாசி ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போனது. நாம் இன்றைக்கு அழகு என்று பார்ப்பது இருநூறு வருஷப் பணமுடையை.

ஊர் எண்ணிக்கை பற்றி: மூன்று, மிஞ்சினால் நான்கு. ராத்திரி அங்கேயே தங்குங்கள். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கோச்சுகள் இருக்காது.

பல்லவன்77 · மே 12, பகல் 12:50

கல்தச்சன் சார் எழுதினா படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உண்மையைச் சொல்லணும். நான் ஏழெட்டு ஊர் பார்த்தேன், மூணாவதுக்கு மேல எல்லாம் ஒரே ஊர்தான். அதே கல், அதே ரோஜாக்கொடி, அதே கடையில அதே லாவண்டர் சோப்பு. சினிமா செட் போட்ட மாதிரி.

பணமுடை காப்பாத்துச்சுன்னு சொல்றீங்க, சரி. இப்ப யார் காப்பாத்துறாங்க? லண்டன் பணம். வாசல்ல நம்பர் பூட்டு போட்ட சின்னச் சாவிப் பெட்டி தொங்குதா பாருங்க, அது வாடகைக்கு விடுற விடுமுறை வீடு. ஜனவரியில ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போனா பாதி ஜன்னல்ல விளக்கு இருக்காது. ரெண்டாவது வீட்டுக்கு இரட்டை கவுன்சில் வரி போடலாம்னு 2025 ஏப்ரல்ல இருந்து கவுன்சில்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்காங்க. அந்த அளவுக்குப் போயிருச்சு.

பைபரியில 2017-ல நடந்தது ஞாபகம் இருக்கா? அங்க குடியிருந்த ஒரு பெரியவர் தன் மஞ்சள் காரை வீட்டுப் பக்கத்துல நிறுத்தியிருந்தார். அது போட்டோவைக் கெடுக்குதுன்னு இணையத்துல புலம்பல். கடைசியில யாரோ கண்ணாடியை உடைச்சு, பெயின்ட்டைக் கீறி வச்சிட்டாங்க. சொந்த ஊர்ல சொந்த காரை நிறுத்தக் கூடாதாம்!

ஈஸ்ட்ஹாம்_அக்கா · மே 12, பகல் 1:20

அதோட நிறுத்திட்டீங்களே. அப்புறம் நாடு முழுக்க இருந்து மஞ்சள் கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் ஊர்வலமா அந்த ஊருக்குள்ள ஓட்டிட்டுப் போனாங்க. அதைப் பார்க்கத்தான் நான் போயிருக்கணும்.

வின்ட்ரஷ்_கரையான் · மே 12, இரவு 11:38

வேலையால வந்து இப்பதான் வாசிச்சன். நான் இந்தப் பக்கம் பதினாலு வருசமா இருக்கிறன். வீடு வீடாப் போய் வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலை. பல்லவன் சொல்லுறதில பாதி சரி. நான் வேலை செய்யிற ஊரில வீடு வாங்க எனக்கு ஏழேழு சென்மம் வேணும். அதால முப்பது நிமிசம் ஓடி வந்து வேலை செய்திட்டுத் திரும்பிப் போறன். என்னோட வேலை செய்யிற வெள்ளைப் பிள்ளையளும் அப்பிடித்தான், பிறந்த ஊரில இருக்கேலாமல் வெளியால போட்டுதுகள்.

ஆனா செட் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் பாக்கிற ஒரு அம்மா தான் பிறந்த அறையிலயே இண்டைக்கும் படுக்கிறா. வயசு தொண்ணூற்றொண்டு. ஜன்னல் இடுக்கால காத்து வருது, இரட்டைக் கண்ணாடி போடக் கேட்டால் அது அரசாங்கம் பாதுகாக்கிற பழைய கட்டிடப் பட்டியலில உள்ள வீடு, சும்மா கைவைக்கேலாது. அனுமதி எடுக்காமல் மாத்தினால் குற்றம். மனுசி போர்வையைச் சுத்திக்கொண்டு ஜன்னலடியில இருக்கிறா. வெளியால நிண்டு ஆக்கள் அந்த ஜன்னலைத்தான் படம் எடுக்கினம். கை காட்டினால் அவவும் காட்டுவா.

தம்பி, உங்கட அம்மாவுக்கு ஏத்தது லோயர் ஸ்லாட்டர். பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, வெட்டுக்குத்து ஒண்டும் இல்லை, சேத்து நிலத்துக்குப் பழைய ஆங்கிலத்தில இருந்த சொல்லில இருந்து வந்தது. நடுவால ஐ எண்ட சின்ன ஆறு ஓடுது, கணுக்கால் அளவு தண்ணி. கரையோட மட்டமா நடக்கலாம். அங்க இருந்து போர்ட்டனுக்கு வயல் வழியா ஒற்றையடிப் பாதை, ஒரு மைலும் கொஞ்சமும். வழியில ஆள் புகலாம், மாடு புகேலாது, அப்பிடி வளைச்சுக் கட்டின கேட்டுகள் வரும். அம்மா ஆத்தங்கரையில இருக்கட்டும், நீங்களும் அப்பாவும் நடந்திட்டு வாங்கோ.

அப்பர் ஸ்லாட்டரில சனம் நிண்டு பாக்காத ஒரு விசயம் இருக்கு. இங்கத்தை எந்த ஊருக்குப் போனாலும் நடுச்சந்தியில போரில செத்த பெடியளின்ர பேர் வெட்டின கல் நிக்கும். அப்பர் ஸ்லாட்டரில அது இல்லை. ரெண்டு உலகப் போருக்கும் போன அத்தனை பேரும் உயிரோட திரும்பி வந்திட்டினம். நாட்டிலயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஊருகளுக்குத்தான் அந்தக் குடுப்பினை. எனக்கு அந்த ஊருக்குள்ள கார் போகேக்க ஒவ்வொருக்காவும் அது நினைவு வரும். ஏன் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பல்லவன்77 · மே 13, காலை 8:02

அண்ணே, செட்டுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். லாவண்டர் சோப்பு பத்திச் சொன்னதை வாங்க மாட்டேன்.

ஏடுதேடி · மே 13, மாலை 6:30

எக்ஸெலில் ஓர் ஊர் விட்டுப்போயிருக்கிறது. சிப்பிங் கேம்ப்டனிலிருந்து ஒரு மைல் தள்ளி பிராட் கேம்ப்டன் என்று ஒரு சிற்றூர். பன்னிரண்டாம் நூற்றாண்டு நார்மன் தேவாலயம் ஒன்று பாழடைந்து கிடந்ததை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்து வீடாக்கினார். யாருக்காக? ஆனந்த குமாரசுவாமிக்காக. நடராஜர் சிலையை உலகத்துக்கு விளக்கிச் சொன்ன அதே குமாரசுவாமி. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வந்து படித்தவர்.

1902-இல் ஆஷ்பி கிழக்கு லண்டனிலிருந்து தச்சர், தட்டார், அச்சுக்கோப்பவர் என்று கைவினைஞர்களைக் குடும்பம் குடும்பமாகச் சிப்பிங் கேம்ப்டனுக்குக் கூட்டி வந்தார். ஆலைக்கு எதிராகக் கைத்தொழில் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சூழலில்தான் குமாரசுவாமி இலங்கையின் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய நூலை, மத்தியகாலச் சிங்களக் கலையை, இந்த வீட்டிலேயே அச்சிட்டார். வெளிவந்தது 1908. மொத்தம் 425 பிரதிகள். வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய கை இயந்திரம் கைமாறி இங்கே வந்திருந்தது, அதில்தான் அடித்தார்கள்.

வின்ட்ரஷ்_கரையான் · மே 13, இரவு 10:51

ஏடுதேடி, ஒரு திருத்தம். அவர் பிறந்தது கொழும்பில, 1877. தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலப் பெண். ரெண்டு வயசில தகப்பன் போயிட்டார், பிள்ளை வளந்தது இங்க. படிச்ச பள்ளிக்கூடமும் இதே குளொஸ்டர்ஷயரில, ஸ்டோன்ஹவுஸ் எண்ட ஊரில. எல்லாத்தையும் யாழ்ப்பாணத்தில பிறக்க வைக்க எங்களுக்கும் ஆசைதான், என்ன செய்யிறது!

ஏடுதேடி · மே 13, இரவு 11:10

தவறுதான், திருத்திக்கொள்கிறேன். இன்னொன்று: அது இப்போதும் ஒருவர் குடியிருக்கும் வீடு. சாலையில் நின்று பார்க்கலாம், அவ்வளவே.

மோர்ட்டன்-இன்-மார்ஷ் பக்கம் செசின்கோட் என்று ஒரு மாளிகையும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த காக்கரெல் குடும்பத்தார் 1805-இல் கட்டியது. தேன் நிறக் கல் சுவர், மேலே செம்புத் தகடு போர்த்த முகலாயக் கும்மட்டம், தோட்டத்துப் பாலத்தின் மேல் வரிசையாக நந்தி. தோட்டத்தைச் சில நாட்களில் மட்டும் திறப்பார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டேல்ஸ்ஃபோர்ட். வங்கத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், குடும்பம் இழந்த அந்த எஸ்டேட்டைத் திரும்ப வாங்கி வீடு கட்டிக்கொண்டு, அங்கேயே அடக்கமானார். காட்ஸ்வோல்ட்ஸ் பணம் எல்லாம் ஆட்டு முதுகிலிருந்து வந்ததில்லை, கல்தச்சன்.

கல்தச்சன் · மே 14, காலை 6:58

ஒப்புக்கொள்கிறேன். நெசவாளர் வீட்டையும் கம்பெனிக்காரர் வீட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன்.

தாமிரபரணி_ரெடிங் · மே 14, இரவு 8:20

எல்லாருக்கும் பெரிய நன்றி. எக்ஸெல்ல அஞ்சு வரி சிவப்பாயிடுச்சு. மிச்சம் பைபரி, பர்ஃபோர்ட், லோயர் ஸ்லாட்டர், கேம்ப்டன், அதோட பிராட் கேம்ப்டன். காஸில் கூம், லேகாக் ரெண்டையும் வெட்ட மனசு வரல. ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

பல்லவன்77 · மே 14, இரவு 9:00

ரெண்டும் வில்ட்ஷயர். கேம்ப்டன்ல இருந்து போயிட்டு வந்தா உங்க ஒரு நாள் காலி. இன்னொரு வாரக் கடைசியில ரெடிங்ல இருந்தே நேராப் போங்க.

போனா லேகாக்ல ரெண்டு விஷயம். ஊர் கிட்டத்தட்ட முழுசா, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் கையில, 1944-ல மட்டில்டா டால்பட்ங்கிற அம்மா எழுதிக் கொடுத்தாங்க. மின்கம்பி எல்லாம் தரைக்கடியில, டிவி ஆன்டெனா கண்ணுல படாது. அங்க இருக்கிற மடத்து ஜன்னலைத்தான் ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்ட்ல தபால்தலை அளவுக்கு ஒரு படம் பிடிச்சார். இன்னிக்கு மிஞ்சியிருக்கிற கேமரா நெகட்டிவ்ல அதுதான் ஆகப் பழசு. படம் எடுக்கிறதுக்காகவே இருக்கிற ஊர்னு நான் கிண்டல் பண்ணா, நெகட்டிவ்ல படம் எடுக்கிறதே அங்கதான் தொடங்குச்சு!

காஸில் கூம்ல 1966-ல ஒரு ஹாலிவுட் கம்பெனி ஷூட்டிங்குக்காக ஓடையை மறிச்சு அணை கட்டுச்சு. ஊர்க்காரங்களுக்குக் கடுப்பு. ரனுல்ஃப் ஃபைன்ஸ்னு ஒரு இளம் ராணுவ அதிகாரி, பின்னாடி துருவப் பயணத்துக்குப் பேர் வாங்கினாரே அவர்தான், ராணுவ வெடியைக் கொண்டுவந்து அணையைத் தகர்க்கப் பார்த்து மாட்டிக்கிட்டார். எஸ்ஏஎஸ்ங்கிற சிறப்புப் படையில இருந்து தூக்கிட்டாங்க. நான் செட்டுன்னு சும்மா சொல்லல, நிஜமாவே செட் போட்டிருக்காங்க!

இப்ஸ்விச்_இளவரசு · மே 15, காலை 10:14

எல்லாரும் மேற்கேயே போறீங்களே. சஃபோக்ல லாவென்ஹம் இருக்கு. கல்லே கிடையாது, முழுக்க மரச்சட்டமும் காரைச் சுவரும். பச்சை ஓக் மரத்துல கட்டினது காயக் காய முறுக்கிக்கிட்டு, வீடெல்லாம் திருவிழா முடிஞ்சு வர்ற பெரிசுங்க மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கும். நீலத் துணி நெய்து வித்து 1524-ல வரி கட்டினதுல இங்கிலாந்தோட பதினாலாவது பணக்கார ஊரா இருந்துச்சு. அப்புறம் கோல்செஸ்டர்ல வந்து குடியேறின டச்சு நெசவாளர்கள் இன்னும் லேசான துணியை மலிவா வித்தாங்க, இங்க வியாபாரம் படுத்துருச்சு. கல்தச்சன் சொன்ன பணமுடைக் கதை இங்கயும் அதேதான். கூட்டம் பைபரியில பாதிகூட இருக்காது.

வின்ட்ரஷ்_கரையான் · மே 15, இரவு 11:20

போக முன்னம் நாலு சொல்லு. காரில வழி சொல்லுற சாட்நாவ் சொல்லுதெண்டு எல்லா ஒழுங்கைக்குள்ளயும் காரை விடாதேங்கோ. ஒரு கார்தான் போகும், எதிரில டிராக்டர் வந்தால் ஒதுங்குற இடம் வரைக்கும் நீங்கள்தான் பின்னுக்கு எடுக்கோணும். பப்பில பின்னேரம் ரெண்டு ரெண்டரைக்கு அடுப்பை நிப்பாட்டிப் போடுவினம், அதுக்குப் பிறகு சிப்ஸ் பக்கெட்தான். பஸ்ஸில ஒரு பயணம் மூண்டு பவுணுக்கு மேல இல்லை, ஆனா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி நிக்காதேங்கோ. கண்டுக்குட்டியோட பசு நிண்டால் கிட்டப் போகாதேங்கோ, ஊர்ப் பசு மாதிரி இல்லை இதுகள்.

அப்பாவுக்கு ஒரு பரிசு சொல்லுறன். இந்த நாட்டு நிலஅளவை நிறுவனம் ஆர்டனன்ஸ் சர்வே போடுற எக்ஸ்புளோரர் வரைபடம், இலக்கம் ஓஎல் 45. வாங்கிக் குடுங்கோ, பிறகு பாருங்கோ.

தாமிரபரணி_ரெடிங் · ஜூன் 19, இரவு 10:33

போயிட்டு வந்தாச்சு. கடன்பட்டிருக்கேன், அதனால விவரமா எழுதிடறேன்.

பர்ஃபோர்ட் பக்கத்துல ஒரு பண்ணை வீட்டுல ரெண்டு ராத்திரி, கேம்ப்டன்ல ஒரு ராத்திரி. பைபரிக்குக் காலையில ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராக் ஐல் மேல இடுப்பளவு மூடுபனி. ஒரு ஈ காக்கா இல்ல. அப்பா பாலத்துல நிக்கவே இல்ல, நேரா ஆர்லிங்டன் ரோ கூரையைப் பார்த்துக்கிட்டே நடந்தார். கல்தச்சன் சொன்னதை நான் முன்கூட்டிச் சொல்லல. ரெண்டு நிமிஷம் கழிச்சு அவரே, "ஓடு கீழ பெருசு, மேல சிறுசு. பாரம் எல்லாம் சுவர் மேல இறங்கட்டும்னு வச்சிருக்கான்"னார். அப்புறம் விரலால சுவர் இடுக்கைத் தடவிட்டு, "சிமென்ட் வைக்கல, சுண்ணாம்புக் காரைதான். நம்ம தாலுகா ஆபீஸ் பழைய கட்டடத்துல சிமென்ட்டைப் பூசித்தான் சுவரைக் கெடுத்தானுங்க"ன்னு ஒரு பழைய கோபம்.

அம்மா வேற கேள்வி. "இவ்வளவு வீடு இருக்கு, ஒரு கொடி இல்லயே. துணியை எங்க காயப் போடுவாங்க?" ராக் ஐல் கதையைச் சொன்னேன். எதிர்ல இருந்த புல்வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அன்னிக்கு ஊரே காயப் போட்டிருக்கு. இன்னிக்கு ஒரு உள்பாவாடை போட முடியாது, போட்டோல வந்துரும்"னாங்க.

ஏழரைக்கு ஒரு வீட்டுக் கதவு திறந்துச்சு. டிரெஸ்ஸிங் கவுனோட ஒரு பெரியவர் குப்பைத் தொட்டியை உருட்டிட்டு வந்தார். அம்மா கேமராவைக் கீழ இறக்கச் சொல்லி என் கையில தட்டினாங்க. வின்ட்ரஷ் அண்ணன் எழுதின ஜன்னல் பாட்டி கதையை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருந்தேன். ஒன்பதரைக்கு நாங்க கார் எடுக்கும்போது முதல் கோச் வளைவுல திரும்புது.

பர்ஃபோர்ட் தேவாலயத்துல அப்பாவை வெளியே இழுத்துட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. 1649-ல சம்பளப் பாக்கி, அரசியல் உரிமைன்னு கலகம் பண்ணின சிப்பாய்களை பார்லிமென்ட் படைத் தளபதி க்ராம்வெல் அந்தக் கோயிலுக்குள்ளதான் அடைச்சு வச்சார். மூணு பேரை மதில் ஓரம் நிறுத்திச் சுட்டாங்க. உள்ள அடைபட்டிருந்த ஒருத்தன் ஞானஸ்நானத் தொட்டியோட ஈயத்துல தன் பேரையும், வருஷத்தையும், கைதின்னும் கீறி வச்சிருக்கான். ஆன்டனி செட்லி. கைதிங்கிற இங்கிலீஷ் வார்த்தையில ஒரு எழுத்தை விட்டுட்டான். அப்பா விரலை அது மேல படாம வச்சு ஒவ்வொரு எழுத்தாப் போனார். "வெட்டத் தெரியாதவன் வெட்டினது. சர்வே கல்லுல புதுசா வேலைக்கு வந்த பையன் நம்பர் வெட்டினா இப்படித்தான், கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள கை தளர்ந்திரும்"னார். வெளிய கம்பளி மூட்டை மாதிரி மேல்பக்கம் உருட்டிச் செதுக்கின கல்லறைங்க இருக்கு. கம்பளித் தொழிலைக் காப்பாத்த, பிணத்தைக் கம்பளியிலதான் சுத்தணும், மீறினா அஞ்சு பவுண்டு அபராதம்னு 1660-களிலயும் 80-லயும் சட்டமே போட்டிருக்காங்க. அம்மா, "கோடித் துணிக்கும் கவர்மென்ட்டா!"ன்னு சிரிச்சாங்க.

லோயர் ஸ்லாட்டர்ல அம்மா செருப்பைக் கழட்டிட்டு ஆத்துல கால் வச்சாங்க. ஐஸ் மாதிரி இருக்குன்னு ஒரே கத்தல். அப்புறம் எடுக்கவே இல்ல, வலிக்கு நல்லா இருக்காம்.

சொதப்பலும் உண்டு. சாட்நாவை நம்பாதேன்னு சொல்லியும் நம்பினேன். வேலி ரெண்டு பக்கமும் கண்ணாடியை உரசுற ஒழுங்கை, எதிர்ல குதிரை ஏத்தின டிரெய்லர். கால் மைல் ரிவர்ஸ். அப்பா இறங்கி முன்னால நடந்து, சங்கிலி ஆளுக்குச் சைகை காட்டுற மாதிரி கை காட்டிக்கிட்டே வந்தார். அன்னிக்கு ஒரு பப்புக்குப் போய்ச் சேரும்போது மணி ரெண்டே முக்கால். அடுப்பு அணைஞ்சிருச்சு.

பிராட் கேம்ப்டன்ல அந்த வீட்டு முன்னால சாலையில நின்னோம். திரும்பிப் பார்த்தா அப்பா ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கார். "அப்பா, அது வீடு"ன்னேன். "கோயில்னுதான சொன்ன?" "இருந்துச்சு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி." ஒரு ஷூவைக் கழட்டினது கழட்டினதுதான்னு அப்படியே நின்னு கும்பிட்டுட்டு மாட்டிக்கிட்டார்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா · ஜூன் 19, இரவு 10:50

படிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப் போச்சு. புளிசாதம்?

தாமிரபரணி_ரெடிங் · ஜூன் 19, இரவு 10:58

அந்த ரெண்டே முக்கால் மணிக்கு அதுதான் காப்பாத்துச்சு அக்கா. பப் தோட்டத்துல லெமனேட் வாங்கி வச்சுக்கிட்டு, அனுமதி கேட்டுட்டுத்தான் பிரிச்சோம். பப்புல இருந்த அம்மா என்ன வாசனைன்னு கேட்டு ஒரு கரண்டி சாப்பிட்டாங்க.

கல்தச்சன் · ஜூன் 20, காலை 7:05

தாலுகா ஆபீஸ் சுவர் விஷயத்தில் அப்பாவுக்கு நூற்றுக்கு நூறு. மூச்சு விடுகிற கல்லுக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல் உதிரும். வரைபடம் வாங்கினீர்களா?

தாமிரபரணி_ரெடிங் · ஜூன் 20, இரவு 9:15

வாங்கினோம். அதுல இருந்து எங்ககூடப் பேசவே இல்ல. 1:25,000, ஒவ்வொரு வயல் வேலியும் தனித்தனியா விழுந்திருக்கு. "பரங்கிமலையில 1802-ல இந்தியாவை அளக்க லாம்டன் சங்கிலி போட்டாரே, அந்தப் பரம்பரைடா நாங்க. இவனுங்க வேலை எப்படின்னு பார்க்கிறேன்"னுட்டு, நடக்கிற பாதை எல்லாத்தையும் பென்சில்ல சரிபார்த்துக்கிட்டே வந்தார். போர்ட்டனுக்கு நடந்தப்போ ஒரு கம்பத்துல பாதை காட்டுற மஞ்சள் அம்பு ஆணி கழண்டு திரும்பி, வயலுக்குள்ள போகச் சொல்லுது. நான் சரி விடுங்கன்னேன்.

கல்தச்சன் · ஜூன் 20, இரவு 9:40

விடக் கூடாது. அது பொதுப் பாதை. கவுன்டி கவுன்சிலில் பாதைகளைக் கவனிக்க ஒரு பிரிவு இருக்கும், அப்பாவை எழுதிப் போடச் சொல்லுங்கள்.

தாமிரபரணி_ரெடிங் · ஜூன் 20, இரவு 9:44

முந்தாநாளே எழுதிட்டார். ரெண்டு பக்கம், கையால வரைஞ்ச ஸ்கெட்ச்சோட. வட திசை அம்புக்குறி, அளவுகோல் எல்லாம் போட்டு, கீழ பதவிப் பேரோட கையெழுத்து.